தத்துவம் படிக்க ஒரு முன்னாண்டு: இங்கிலாந்தில் ஃபவுண்டேஷன் இயர் சேர்வோருக்கு

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் தத்துவ இளங்கலை மூன்று ஆண்டுப் படிப்பு. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் தளத்தில் தேடினால் அதே படிப்பு சில இடங்களில் நான்கு ஆண்டு என்று இருக்கும். முன்னால் கூடுதலாக வரும் அந்த ஓர் ஆண்டுதான் ஃபவுண்டேஷன் இயர். 'இயர் ஜீரோ' என்றும் சொல்வார்கள். ஏ லெவலில் (அங்கே பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண் குறைந்தவர்கள், பள்ளியை நடுவில் விட்டவர்கள், பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருபவர்கள், வேறு நாட்டில் பள்ளி முடித்தவர்கள் ஆகியோருக்கான வாசல் அது. தரத்தில் ஏ லெவலுக்குச் சமம். அதைத் தாண்டினால் பட்டப்படிப்பின் முதலாண்டில் மற்றவர்களோடு போய் உட்காரலாம்.

எல்லா மாணவர்களுக்கும் இப்படி ஒரு முன்னாண்டு வைத்துப் பார்த்தவர் ஒரு தத்துவப் பேராசிரியர். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த ஏ. டி. லிண்ட்சே, பிளேட்டோவின் 'குடியரசு' நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். ஸ்டாஃபர்ட்ஷயரில் அவர் தலைமையில் தொடங்கிய கல்லூரிக்கு 1950இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். அதுதான் இன்றைய கீல் பல்கலைக்கழகம். அங்கே அப்போது எல்லோருக்குமே நான்கு ஆண்டு. முதலாண்டில் கலை மாணவர் அறிவியலும் அறிவியல் மாணவர் வரலாறும் கேட்டாக வேண்டும். இப்போதைய ஃபவுண்டேஷன் இயரின் நோக்கம் வேறு, தகுதி போதாதவரைத் தயார் செய்வது. ஆனால் நல்ல இடங்களில் அந்தப் பழைய பரந்த படிப்பின் வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

இதை நிதானமாக யோசியுங்கள். தேவையில்லாமல் ஓர் ஆண்டையும் அதற்கான கட்டணத்தையும் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

இலங்கையில் உயர்தரம் நல்ல பெறுபேறுகளோடு முடித்தவர்களைப் பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் நேரடியாக முதலாண்டில் சேர்த்துக்கொள்கின்றன. இந்தியாவில் சிபிஎஸ்இ, ஐஎஸ்சி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். மாநிலப் பாடத்திட்டம் என்றால் சில இடங்கள் கூடுதல் சதவீதம் கேட்கும், சில இடங்கள் ஃபவுண்டேஷனுக்கு அனுப்பும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தளத்தில் நாடுவாரியாகத் தகுதிப் பட்டியல் போட்டிருக்கிறது. ஏஜென்டைக் கேட்பதற்கு முன் அதை நீங்களே பார்த்துவிடுங்கள்.

பள்ளியில் தத்துவமே படிக்கவில்லையே என்பது ஒரு காரணம் ஆகாது. அநேகமாக எந்தப் பல்கலைக்கழகமும் தத்துவப் பட்டத்துக்கு ஏ லெவல் தத்துவத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அந்தப் பாடம் இல்லாத பள்ளிகளே அதிகம்.

பத்தொன்பது வயதைத் தாண்டியவர், இங்கிலாந்தில் நிரந்தரமாக வாழ்பவர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது: 'ஆக்சஸ் டு ஹையர் எஜுகேஷன்' டிப்ளமா. அருகிலுள்ள கல்லூரியில் ஓராண்டில் முடிக்கலாம். அதற்கு வாங்கும் கடனில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பிறகு பல்கலைக்கழகப் பட்டத்தை முடித்தால் அந்த டிப்ளமாக் கடனைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். இந்த டிப்ளமாவோடு விண்ணப்பித்தால் பல இடங்களில் மூன்றாண்டுப் பட்டத்துக்கே போகலாம். குழந்தைகள், வேலை என்று வீட்டோடு கட்டுப்பட்டவர்களுக்கு ஓப்பன் யூனிவர்சிட்டி இருக்கிறது. அங்கே பெரும்பாலான இளங்கலைப் படிப்புகளுக்கு முன்தகுதியே கேட்பதில்லை. லண்டனில் பர்க்பெக் என்ற கல்லூரி மாலை நேர வகுப்புகளுக்குப் பேர்போனது. பகலில் கடையில் நின்றுவிட்டு ஆறு மணிக்கு டெக்கார்ட் என்ற தத்துவஞானியைப் படிக்க வருபவர்களை அங்கே பார்க்கலாம்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவரா நீங்கள்? அப்படியென்றால் பொதுவாக இன்னொரு இளங்கலைக்கு அரசின் கல்விக்கடன் கிடைக்காது. எந்த நாட்டில் வாங்கிய பட்டம் என்று பார்ப்பதில்லை. ஊரிலிருந்து வந்து குடியேறிய பலர் இதில்தான் இடறுகிறார்கள். உங்களுக்குப் பொருத்தமானது கிராஜுவேட் டிப்ளமா. வேறு துறையில் பட்டம் வாங்கியவர்கள் தத்துவ முதுகலைக்குப் போகும் முன் படிப்பது அது, பர்க்பெக்கில் உண்டு.

ஸ்காட்லாந்து தனிக் கதை. அங்கே ஆனர்ஸ் பட்டமே நான்கு ஆண்டு. முதலாண்டில் பல பாடங்களை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இந்தக் கட்டுரை இங்கிலாந்தைப் பற்றியது.

எந்த மாதிரி ஃபவுண்டேஷன்?

மூன்று வகை இருக்கிறது. முதலாவது, பட்டத்தோடு ஒட்டியது. ஒரே விண்ணப்பம், ஒரே பல்கலைக்கழகம், நான்கு ஆண்டு. எசெக்ஸ், ராயல் ஹாலோவே, பர்க்பெக் போன்ற இடங்களில் இந்த வகையில் தத்துவம் படித்திருக்கிறார்கள். பட்டியல் ஆண்டுதோறும் மாறும், ஆகவே நீங்கள் சேரும் ஆண்டைக் குறிப்பிட்டு யூகாஸில் தேடுங்கள். இரண்டாவது, வெளிநாட்டு மாணவர்களுக்கான தனி ஃபவுண்டேஷன். அதை முடித்து வேறு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் இடம் கிடைக்குமா என்பது மதிப்பெண்ணைப் பொறுத்தது.

மூன்றாவது வகை அதிகம் பேருக்குத் தெரியாதது. கேம்பிரிட்ஜ் 2022 முதல் கலை மற்றும் சமூக அறிவியல் பாடங்களுக்கு ஒரு ஃபவுண்டேஷன் இயர் நடத்துகிறது. கட்டணம் கிடையாது, செலவுக்கும் உதவித்தொகை உண்டு. ஏ லெவலில் பி பி பி அளவு, அதாவது மூன்று பாடத்தில் பி தரம், கேட்கிறார்கள். வழக்கமான கேம்பிரிட்ஜ் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டால் இது நன்றாகவே குறைவு. குடும்பப் பொறுப்பு, நோய், இடப்பெயர்வு, பராமரிப்பு இல்லத்தில் வளர்ந்தது போன்ற காரணங்களால் படிப்பு குலைந்த, பிரிட்டனில் வாழும் மாணவர்களுக்கானது. ஆக்ஸ்ஃபோர்டும் 2023இல் அஸ்ட்ரோஃபோரியா என்ற பெயரில் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் இளங்கலையில் தத்துவத்தை மட்டும் தனியாகப் படிக்க முடியாது. அரசியல் பொருளாதாரத்தோடோ, கணிதத்தோடோ, இயற்பியலோடோ சேர்த்துத்தான். அகதியாக வந்து மூன்று பள்ளி மாறிய பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த இரண்டையும் 'நமக்கெல்லாம் எங்கே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் இவற்றை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் பக்கத்தில் பாடப்பட்டியலைத் திறந்து பாருங்கள். ஃபவுண்டேஷன் ஆண்டில் தத்துவப் பாடம் எத்தனை இருக்கிறது? நடத்துவது தத்துவத் துறையா, எல்லாத் துறைக்கும் பொதுவான மையமா? சில இடங்களில் அந்த ஆண்டு முழுக்க 'படிப்புத் திறன்' வகுப்புகளும் பொதுவான சமூக அறிவியலும்தான் இருக்கும்; தத்துவம் பெயரில் மட்டும். என் கருத்தில், அந்த ஆண்டிலேயே ஒரு தத்துவ ஆசிரியர் உங்கள் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும் இடம் எதுவோ, அதுதான் நல்ல இடம். தரவரிசைப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

துறை நிலைக்குமா என்றும் பாருங்கள். பண நெருக்கடியில் கலைத் துறைகளை மூடும் காலம் இது. கென்ட் பல்கலைக்கழகம் 2024இல் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்த பாடங்களில் தத்துவமும் இருந்தது. சேர்ந்தவர்களைப் பொதுவாக முடிக்க விடுவார்கள், ஆனால் ஆசிரியர்கள் குறைந்துகொண்டே போகும் துறையில் நான்கு ஆண்டு இருப்பது சுகமான காரியம் இல்லை. பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் 'ஓப்பன் டே'க்குப் போகும்போது தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

பணம்

இங்கிலாந்தில் உள்ளூர்க் கட்டணம் செலுத்தும் மாணவருக்கு 2025–26இல் பட்டப்படிப்பின் உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்டு. அதே கல்வியாண்டிலிருந்து வகுப்பறைப் பாடங்களின் ஃபவுண்டேஷன் இயருக்கு மட்டும் வரம்பை 5,760 பவுண்டாகக் குறைத்திருக்கிறார்கள். தத்துவம் அதில் அடங்கும். அதற்கு முன்பு முழு ஆண்டுக் கட்டணத்தையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டுகளுக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்தலாம் என்று 2019இல் அரசு அமைத்த ஆகர் குழு பரிந்துரைக்கும் அளவுக்கு அது சர்ச்சையாக இருந்தது.

பட்டத்தோடு ஒட்டிய ஃபவுண்டேஷன் என்றால் நான்கு ஆண்டுக்கும் அரசின் கல்விக்கடன் அமைப்பான ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் கட்டணக் கடன் தரும், வாழ்க்கைச் செலவுக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் மூன்று ஆண்டாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு விதி வேறு, அவர்கள் கடனுக்குத் தகுதியுள்ளவர்கள். புகலிட விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்களுக்குக் கடன் கிடையாது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் 'சாங்சுவரி' என்ற பெயரில் அவர்களுக்கென்றே உதவித்தொகை வைத்திருக்கின்றன.

2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்களின் கடன் 'பிளான் 5' என்ற வகை. ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 30,000 சம்பளம் என்றால் ஆண்டுக்கு 450 பவுண்டு. 40 ஆண்டில் மிச்சம் இருப்பது தள்ளுபடி. நம் வீடுகளில் கடன் என்றாலே பதறுவார்கள். வேலை இல்லாதபோது இந்தக் கடன் வீட்டுக் கதவைத் தட்டாது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும். அதே சமயம் 40 ஆண்டு என்பது கிட்டத்தட்ட முழு வேலைக்காலம் என்பதையும் மறைக்காதீர்கள்.

ஏஜென்டுகள்

லண்டனில் தமிழ்க் கடைகள் இருக்கும் தெருக்களில் 'தகுதி தேவையில்லை, வாரத்துக்கு இரண்டு நாள்தான் வகுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு பணம் கையில் கிடைக்கும்' என்று நோட்டீஸ் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கூட்டிப்போவது பெரும்பாலும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் இயங்கும் தனியார் கல்லூரியின் பிசினஸ் ஃபவுண்டேஷனுக்கு. இந்தக் கிளைக் கல்லூரிகளில் கல்விக்கடன் தவறாகப் போவது பற்றி 2024 ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகமே அறிக்கை கொடுத்திருக்கிறது. நீங்கள் தத்துவம் என்று சொன்னால் 'அதைப் படித்து என்ன செய்யப்போகிறீர்கள், பிசினஸில் போடுகிறேன்' என்பார்கள். கமிஷன் எங்கே வருகிறதோ அங்கேதானே போடுவார்கள். யூகாஸில் நீங்களே விண்ணப்பிக்கலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். யூகாஸின் சிறிய விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான்.

ஏஜென்டின் தூண்டுதலில் கடனை எடுத்துச் சேர்ந்து, இரண்டே மாதத்தில் நின்றுவிட்டால், அந்த ஆண்டு உங்கள் கணக்கில் ஏறிவிடும். எத்தனை ஆண்டுக்குக் கடன் என்பதற்கு எல்லை உண்டு. பிறகு உண்மையிலேயே படிக்க நினைக்கும்போது ஓர் ஆண்டு குறையும்.

விண்ணப்பம்

ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஜனவரி நடுப்பகுதிதான் பொதுவான கடைசி நாள். அதைத் தவறவிட்டால் மீதமுள்ள இடங்களை நிரப்ப ஜூலையில் திறக்கும் கிளியரிங்கைப் பாருங்கள். ஃபவுண்டேஷன் இடங்கள் அதில் நிறைய வரும்.

2026 சேர்க்கையிலிருந்து, உங்களைப் பற்றி நீங்களே எழுதும் பெர்சனல் ஸ்டேட்மென்ட் மூன்று கேள்விகளாக மாறியிருக்கிறது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உதவும், படிப்புக்கு வெளியே செய்தது என்ன. எல்லாம் சேர்த்து 4,000 எழுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. முதல் கேள்விக்கு 'சிறு வயதிலிருந்தே வாழ்வின் அர்த்தத்தைத் தேடினேன்' என்று எழுதாதீர்கள், அதைப் படித்துப் படித்து அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். உங்களைக் குடைந்த ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தீர்களா? மறதி நோய் வந்தவர் பத்து வருடத்துக்கு முன் சொன்ன விருப்பத்தை மதிப்பதா, இன்று அவர் கேட்பதைக் கொடுப்பதா? இது இன்றைக்கும் தத்துவத் துறைகளில் விவாதிக்கும் கேள்வி. அதில் நீங்கள் எந்தப் பக்கம், அதற்கு எதிராக யாராவது என்ன சொல்ல முடியும் என்று எட்டு வரியில் எழுதினால் போதும், மற்ற விண்ணப்பங்களிலிருந்து அது தனித்துத் தெரியும்.

படிப்பு நின்றுபோன காரணத்தை ஒளிக்க வேண்டாம். நேராக, சுருக்கமாக, பரிதாபம் தேடாமல் எழுதுங்கள். ஃபவுண்டேஷன் ஆசிரியர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கு ஆசிரியர் சான்று எங்கே கிடைக்கும்? வேலை மேலாளரிடம் வாங்கலாம். உறவினர், நண்பர் எழுதக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு

மேலே சொன்ன 5,760 வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும், அது பல மடங்கு அதிகம். அதோடு விசாக் கட்டணம், சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு. ஒன்பது மாதம் வரையிலான வாழ்க்கைச் செலவுப் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும்.

தனி ஃபவுண்டேஷனாக இருந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஆங்கிலத் தேர்வில் யூகேவிஐ (பிரிட்டிஷ் விசாத் துறை) அங்கீகரித்த வகையையே கேட்பார்கள், சாதாரண ஐஇஎல்டிஎஸ் போதாது. பட்ட நிலைக்குக் கீழான படிப்பு என்பதால் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 10 மணிநேரம்தான் வேலை செய்யலாம், பட்டப்படிப்புக்கு 20. பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போட்டவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிய அடி. இளங்கலை மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரவும் பொதுவாக முடியாது.

அந்த ஓர் ஆண்டில் என்ன செய்வது

ஃபவுண்டேஷன் ஆண்டுக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணிநேர உழைப்பு. மொத்தம் 1,200 மணிநேரம். வகுப்பு என்னவோ வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மணிநேரம்தான் இருக்கும். மீதியை நீங்கள் தனியாகப் படித்து எழுதி நிரப்ப வேண்டும். யாரும் வீட்டுப்பாடம் கேட்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து.

நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: இது தத்துவஞானிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் ஆண்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாதத்தைப் பிரித்து, சோதித்து, எழுதப் பழகும் ஆண்டு. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் கான்ட்டும் ஹியூமும் பிறகு வந்து சேர்வார்கள்.

வாதம் என்றால் ஒரு முடிவு, அதைத் தாங்கும் சில முற்கூற்றுகள். இதைப் பாருங்கள்: 'மாணவர் விசா கிடைத்தால் அவர் லண்டனில் இருப்பார். அவர் லண்டனில் இருக்கிறார். ஆகவே மாணவர் விசா கிடைத்துவிட்டது.' கேட்கச் சரிபோல இருக்கும். ஆனால் அவர் அங்கேயே பிறந்தவராக இருக்கலாம், சுற்றுலா போனவராக இருக்கலாம். முற்கூற்று இரண்டும் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகலாம் என்றால் வாதத்தின் அமைப்பு பழுது. இன்னொன்று: 'எல்லா மீனும் பறக்கும். வஞ்சிரம் ஒரு மீன். ஆகவே வஞ்சிரம் பறக்கும்.' இதில் அமைப்பு சரி, முற்கூற்றுதான் பொய். இந்த இரண்டு பழுதையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் முதல் படி. கட்டுரையில் 'இது தவறு' என்று எழுதினால் ஆசிரியர் ஓரத்தில் 'எந்த வகையில்?' என்று எழுதுவார்.

மணிமேகலையின் 29ஆம் காதையைப் படித்தவர்களுக்கு இது பழகிய வேலையாகத் தெரியும். அறவண அடிகள் அங்கே பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறார்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. அப்புறம் இந்த உறுப்புகளில் வரக்கூடிய போலிகளுக்கு ஒரு நீண்ட பட்டியல். பாடத்திட்டத்தில் இது வராது, ஆனால் நம் மொழியில் இந்தப் பயிற்சி நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது ஒரு தெம்பு.

வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தத்துவக் கட்டுரையை நாவல் வேகத்தில் படித்தால் ஒன்றும் ஒட்டாது. தொடக்கத்துக்கு எட்மண்ட் கெட்டியர் 1963இல் எழுதிய கட்டுரையை எடுங்கள். மூன்றே பக்கம். உண்மையான, நியாயமுள்ள நம்பிக்கைதான் அறிவு என்ற பழைய விளக்கத்தை இரண்டு சிறு கதைகளால் ஆட்டம் காண வைத்த கட்டுரை அது. ஒரு கதையில், வேலை ஜோன்ஸுக்குத்தான் கிடைக்கும் என்று ஸ்மித் நல்ல ஆதாரத்தோடு நம்புகிறான். ஜோன்ஸின் பையில் பத்து நாணயம் இருப்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே வேலை கிடைக்கப்போகிறவன் பையில் பத்து நாணயம் இருக்கிறது என்று முடிவு செய்கிறான். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவனுக்கே தெரியாமல் அவன் பையிலும் பத்து நாணயம். அவன் நம்பியது உண்மை, நம்பக் காரணமும் இருந்தது. ஆனால் அதை அவன் 'அறிந்திருந்தான்' என்று சொல்வோமா?

முதல் முறை அப்படியே படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு, முடிவு எது, முற்கூற்று எது என்று எண் போடுங்கள். மூன்றாம் முறை புத்தகத்தை மூடிவிட்டு முழு வாதத்தையும் நூறு சொல்லில், உங்கள் ஆங்கிலத்தில், எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு பீட்டர் சிங்கரின் 1972 கட்டுரை. அது 1971 நவம்பரில் கிழக்கு வங்கத்தில் மக்கள் பசியில் சாகிறார்கள் என்ற செய்தியோடு தொடங்குகிறது. குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற உடை அழுக்காவதைப் பார்க்க மாட்டோம் என்றால், தூரத்தில் சாகிறவருக்கு மட்டும் ஏன் பார்க்கிறோம் என்று கேட்கும். ஊருக்குப் பணம் அனுப்பும் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொல்ல நிறைய இருக்கும்.

பழைய நூல்களின் ஆங்கிலம் கஷ்டம். ஆங்கிலமே தாய்மொழியானவர்களுக்கும் லாக்கும் ஹியூமும் கஷ்டம்தான். ஜொனாதன் பென்னெட் என்ற தத்துவப் பேராசிரியர் டெக்கார்ட், லாக், ஹியூம், கான்ட் முதலானோரின் நூல்களை இன்றைய எளிய ஆங்கிலத்தில் ஆக்கி 'எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்' என்ற தளத்தில் இலவசமாக வைத்தார். முதலில் அதைப் படித்துவிட்டு மூலத்துக்குப் போவதில் ஒரு குற்றமும் இல்லை. மேற்கோள் மட்டும் மூலத்திலிருந்து எடுங்கள். 'ஸ்டான்ஃபோர்டு என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபிலாசஃபி'யும் இலவசம், நம்பகமானது. ஆனால் தொடக்க மாணவருக்கு அது பல இடங்களில் அடர்த்தி அதிகம். முன்னுரைப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது கட்டுரை. நம் பள்ளிகளில் 'மனித குலம் தோன்றிய நாள் முதலே' என்று தொடங்கி, பொன்மொழி இரண்டு போட்டு, 'எனவே அனைவரும்' என்று முடிக்கப் பழக்கியிருப்பார்கள். அதை மொத்தமாக விட்டுவிடுங்கள். முதல் பத்தியிலேயே நீங்கள் நிறுவப்போவது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'நான் வாதிடப்போவது இது' என்று தன்னிலையில் எழுதலாம், தத்துவத்தில் அது வழக்கம். பிறகு நீங்கள் எதிர்க்கும் ஆளின் வாதத்தை, அவரே படித்தால் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். அப்புறம் உங்கள் மறுப்பு ஒன்று. ஒன்றே ஒன்று போதும்; 1,500 சொல்லில் ஐந்து மறுப்பு எழுதினால் ஐந்தும் அரைகுறை. அந்த மறுப்புக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் நீங்களே எழுதி அதைச் சமாளியுங்கள். மதிப்பெண் குவிவது இந்தக் கடைசிப் பகுதியில்தான். பெரும்பாலானவர்கள் சொல் வரம்பை முன்னுரையிலேயே தீர்த்துவிட்டு இங்கே வந்து நிற்கிறார்கள்.

பெரிய மனிதர் சொன்னார் என்பது இங்கே ஆதாரம் ஆகாது. பிளேட்டோ சொன்னாலும் வள்ளுவர் சொன்னாலும் அடுத்த கேள்வி 'ஏன் அப்படி?' என்பதுதான்.

ஏஐ கருவிகளைப் பற்றி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விதி இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். விதியை விடுங்கள், எழுதிப் பழகத்தானே இந்த ஆண்டு முழுவதையும் வாங்கியிருக்கிறீர்கள்.

முதல் கட்டுரை திரும்பி வரும்போது 58 என்று இருக்கும். ஊரில் 95 வாங்கிய பிள்ளைகள் இதைப் பார்த்து அழுதுவிடுவதுண்டு. இங்கே 40 தேர்ச்சி, 60 நல்லது, 70இலிருந்து முதல் வகுப்பு. 80ஐ நிறைய ஆசிரியர்கள் வருடத்துக்கு ஒரு முறை போட்டால் பெரிது. வீட்டில் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன் இந்த அளவுகோலைச் சொல்லிவிடுங்கள். எண்ணைவிட ஓரத்தில் இருக்கும் குறிப்புகளைப் பாருங்கள். புரியாத குறிப்பை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் 'ஆஃபீஸ் அவர்' நேரத்தில் போங்கள். அந்த நேரம் மாணவர்களுக்காகவே ஒதுக்கியது. பல ஆசிரியர்கள் அந்த நேரத்தில் யாரும் வராமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

செமினாரில் பேசத்தான் வேண்டும். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே நமக்கு நாக்கு எழாது; 'சார்' என்றால் அவர்கள் நெளிவார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். 'இரண்டாவது முற்கூற்று எனக்குப் பிடிபடவில்லை, யாராவது விளக்க முடியுமா' என்று கேட்பதும் பங்களிப்புதான். பாதி வகுப்புக்கும் அதே சந்தேகம் இருக்கும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு மௌனமாக இருந்துவிட்டால் இழப்பு உங்களுக்கு.

'இதைப் படித்து என்ன வேலை?' என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். மருத்துவம் போல நேர்கோட்டில் வேலைக்குக் கொண்டுபோகும் படிப்பு இல்லை இது. ஆனால் 2021இல் வந்த எஸ்க்யூஇ என்ற சட்டத் தேர்வு முறையில் எந்தத் துறைப் பட்டதாரியும் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) ஆகப் பாதை உண்டு. வாதம் எழுதப் பழகியவர்களுக்கு அது இயல்பான திசை. அரசுப் பணி, பள்ளிகளில் சமயக் கல்வி ஆசிரியர் வேலை, பத்திரிகை, மென்பொருள் என்று மற்றவை. உறுதி வேண்டும் என்பவர்கள் தத்துவத்தோடு சட்டமோ பொருளாதாரமோ சேர்ந்த கூட்டுப் பட்டத்துக்கு மாற முடியுமா என்று முதல் பருவத்திலேயே விசாரிப்பது நல்லது.

முதலாண்டுக்குத் தாண்டுவது

ஃபவுண்டேஷன் மதிப்பெண் உங்கள் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிக்காது. தாண்டினால் போதும். ஆனால் தாண்டும் அளவு இடத்துக்கு இடம் மாறும்: சிலர் 40 கேட்பார்கள், சிலர் அதைவிட அதிகம், சிலர் குறிப்பிட்ட பாடத்தில் தனியாக ஓர் அளவு. சேர்ந்த வாரத்திலேயே கையேட்டில் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பாடத்தில் தவறினால் கோடையில் மறுதேர்வு இருக்கும்; நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்கள் இருந்தால் தேர்வுக்கு முன்போ உடனேயோ படிவம் கொடுக்க வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் எடுபடுவது கடினம்.

கல்விக்கடனுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தானாகத் தொடராது. வசந்த காலத்தில் கட்டுரைகளுக்கு நடுவே அந்தத் தேதி வந்துபோகும், ஆகவே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

முதலாண்டில் பல துறைகளில் குறியீட்டுத் தருக்கம் கட்டாயப் பாடம். கணக்குக்குப் பயந்து தத்துவத்துக்கு வந்தவர்கள் திணறும் இடம் அதுதான். கோடை விடுமுறையில் 'மற்றும்', 'அல்லது', 'என்றால்', 'இல்லை' ஆகிய நான்குக்கும் மெய்மை அட்டவணை (கூற்றுகள் உண்மையா பொய்யா என்று எல்லா வகையிலும் நிரப்பிப் பார்க்கும் அட்டவணை) போடப் பழகிவிட்டு, மேலே சொன்ன விசா வாதத்தைக் குறியீட்டில் எழுதி அது ஏன் செல்லாது என்று அட்டவணையிலேயே காட்டிப் பாருங்கள். அது கைவந்தால் அக்டோபரில் வரும் முதல் இரண்டு பயிற்சித்தாள்களும் சுலபம்.